பழைய மடிக்கணினியில் ஹார்ட் டிஸ்க் மாற்றியவர்கள்: அனுபவப் பகிர்வு

பாளையங்கோட்டையிலிருந்து

மெதுவாகிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காகப் பழைய மடிக்கணினியைக் கழித்துக் கட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. பெரும்பாலான கணினிகளில் தளர்ந்து போயிருப்பது ஹார்ட் டிஸ்க் ஒன்றுதான் என்பதைப் பல வீடுகளில் பார்த்துவிட்டேன். அவற்றில் ஒன்றைப் பற்றி மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

தமிழக அரசு 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் என் அக்கா மகளுக்குக் கிடைத்த கணினி அது. அவள் படித்து முடித்து வேலைக்குப் போனபின் பரணில் கிடந்ததை, போட்டித் தேர்வுக்குப் படிக்கும் அவள் தம்பிக்காக இறக்கினோம். முகப்புத் திரை வந்தபிறகும் சுட்டியின் அருகே நீல வளையம் சுற்றுவது நிற்கவில்லை. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால், டிஸ்க் என்ற கட்டம் 100 விழுக்காட்டில் நிற்க, பிராசஸர் பத்து விழுக்காடு வேலைகூட இல்லாமல் சும்மா காத்திருந்தது. கடையில் காட்டியபோது, இது தேறாது, புதிது வாங்கிவிடுங்கள் என்றார்கள். டாஸ்க் மேனேஜர் காட்டிய கணக்கைப் பார்த்த எனக்கு அந்தப் பேச்சில் நம்பிக்கை வரவில்லை.

அந்த ஹார்ட் டிஸ்க்கின் தட்டு நிமிடத்துக்கு 5400 முறை சுழல்வது. வேண்டிய இடம் படிக்கும் முனைக்குக் கீழே வந்து சேர ஒவ்வொரு தடவையும் பத்து மில்லி நொடிக்கு மேல் ஆகும். ஒரே பெரிய வீடியோ கோப்பை வரிசையாகப் படிக்கச் சொன்னால் நொடிக்கு 100 எம்.பி. அளவில் தரக்கூடிய அதே தட்டு, விண்டோஸ் 10 பின்னணியில் கேட்டுக்கொண்டே இருக்கும் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் தேடி அலையும்போது நொடிக்கு ஒரு எம்.பி.யைத் தொடவே திணறிவிடும். அதற்குப் பதிலாகப் போடும் எஸ்.எஸ்.டி., சில்லுகளில் தகவலைச் சேமிக்கும் டிஸ்க்; அதில் சுழலும் தட்டும் நகரும் முனையும் கிடையாது என்பதால் இந்த அலைச்சல் அடியோடு போய்விடுகிறது. பழைய கணினியில் டிஸ்க்கை இணைப்பது சாட்டா என்ற இணைப்பின் இரண்டாம் தலைமுறைதானே, அதில் எஸ்.எஸ்.டி. போட்டு என்ன பயன் என்று கேட்பவர்களுக்கும் இதையே பதிலாகச் சொல்வேன். அந்த இணைப்பு உச்ச வேகத்தை நொடிக்குச் சுமார் 280 எம்.பி.யோடு நிறுத்திவிடும் என்பது உண்மைதான். ஆனாலும் நாம் அன்றாடம் உணரும் வேகம் சிறு கோப்புகளைத் தேடும் நேரத்தைப் பொறுத்தது.

திருகைக் கழற்றும் முன் பழைய டிஸ்க்கின் உடல்நிலையைப் பார்த்துவிட வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். அதில் மூன்று வரிகளைப் பார்க்கிறேன்: கெட்டுப்போனதால் மாற்று இடத்துக்கு நகர்த்தப்பட்ட செக்டர்கள் (டிஸ்க்கின் சிறு சேமிப்புப் பகுதிகள்), படிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருக்கும் செக்டர்கள், திருத்தவே முடியாதவை. மூன்றும் சுழியமாக இருந்தால் நிம்மதியாக குளோன் செய்யலாம், அதாவது டிஸ்க் முழுவதையும் அப்படியே நகலெடுக்கலாம். காத்திருப்பு வரியில் எண் இருந்தால் நிலைமை மஞ்சளில் எச்சரிக்கையாகத் தெரியும். அப்போது வேறு எதையும் தொடாமல் முதலில் படங்களையும் ஆவணங்களையும் வெளியே நகலெடுத்துவிட வேண்டும். அந்த மென்பொருள் எண்களைப் பதினாறடிமான முறையில் காட்டும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 10 என்று இருந்தால் அது பதினாறு.

அடுத்து அளவு. பழையது 500 ஜி.பி.; கடையில் எளிதாகக் கிடைத்தது 480 ஜி.பி. எஸ்.எஸ்.டி. கணினியின் கணக்கில் முன்னது 465 என்றும் பின்னது 447 என்றும் தெரியும். உள்ளே நிரம்பியிருப்பது 100 ஜி.பி.தான் என்றாலும், புதிய டிஸ்க் மொத்த அளவில் சிறிதாக இருக்கிறது என்பதற்காகவே குளோன் செய்ய மறுக்கும் மென்பொருள்கள் உண்டு. ஆகவே முதலில் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் கடைசிப் பகுதியைச் சுருக்கினேன். சுருங்க மறுத்தபோது, ஹைபர்நேஷன், பேஜ் ஃபைல், சிஸ்டம் ரீஸ்டோர் ஆகிய மூன்று விண்டோஸ் வசதிகளையும் தற்காலிகமாக நிறுத்தியதும் வழிவிட்டது. நகர்த்த முடியாத கோப்புகளாக நடுவில் உட்கார்ந்திருந்தவை அவையே. பிறகு புதிய எஸ்.எஸ்.டி.யை யு.எஸ்.பி. சாட்டா கேபிளில் வெளியே மாட்டி, குளோன்ஸில்லா என்ற மென்பொருள் கொண்டு நகலெடுத்தேன். கேபிளை யு.எஸ்.பி. 2.0 துளையில் செருகினால் நொடிக்கு முப்பது, முப்பத்தைந்து எம்.பி.க்கு மேல் போகாது. நீல நிறத் துளை இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

கழற்றும் வேலை இவ்வளவுக்கும் நடுவே மிகச் சிறியது. பேட்டரியை எடுத்துவிட்டுப் பவர் பொத்தானைச் சிறிது நேரம் அழுத்திப் பிடித்து, மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்தபின், சிறிய ஸ்டார் ஸ்க்ரூ டிரைவரால் அடிமூடியைத் திறந்தேன். டிஸ்க்கைச் சுற்றி ஒரு தகரச் சட்டம், அதன் ஓரத்தில் இழுப்பதற்கென்று ஒட்டிய பிளாஸ்டிக் நாடா. அந்த நாடாவைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுக்க வேண்டும். மேல்நோக்கித் தூக்கினால் இணைப்பான் உடைந்துவிடும். சட்டத்தின் நான்கு திருகுகளையும் புதியதில் மாட்டினேன். பழையது 9.5 மில்லிமீட்டர் தடிமன், எஸ்.எஸ்.டி. 7 மில்லிமீட்டர். சட்டம் இருப்பதால் இங்கே ஆட்டம் இல்லை; சட்டமில்லாத கணினிகளில் அந்த 2.5 மில்லிமீட்டர் இடைவெளியை நிரப்ப எஸ்.எஸ்.டி.யோடு வரும் பிளாஸ்டிக் விளிம்பை ஒட்ட வேண்டும். அதைப் பலர் பெட்டியோடு எறிந்துவிடுகிறார்கள்.

கணினி தொடங்கும்போது திறக்கும் பயாஸ் என்ற அமைப்புப் பக்கத்தில், சாட்டா முறை ஏ.எச்.சி.ஐ. என்ற புதிய வகையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். ஐ.டி.இ. என்ற முந்தைய முறையில் நிறுவிய பழைய விண்டோஸ் 7-ஐ வைத்திருப்பவர்கள் அதைத் திடீரென மாற்றினால் நீலத்திரைதான் வரும். முன்கூட்டியே புதிய முறைக்கான டிரைவர் மென்பொருளை இயக்கி வைத்த பிறகே மாற்ற வேண்டும்.

இப்போது அந்தக் கணினி அரை நிமிடத்துக்குள் வேலைக்குத் தயாராகிறது. 2 ஜி.பி. ரேமோடு 2 ஜி.பி. சேர்த்ததும் ஓரளவு உதவியது என்றாலும், பெரிய மாற்றம் டிஸ்க்கால் வந்ததே. மற்றவர்களும் எழுதுங்கள்.

சிவகாசியிலிருந்து

அச்சுத் தொழிலில் இருக்கிறேன்; கல்யாணப் பத்திரிகை, பில் புத்தகம், நோட்டீஸ் ஆகியவற்றை வடிவமைக்கும் கணினிகள் எங்களிடம் உள்ளன. பாளையங்கோட்டை நண்பர் எழுதியதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். டிஸ்க் மாற்றும்போது விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிடுவதே சுத்தம் என்று பொதுவாகச் சொல்வார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு அந்த அறிவுரை ஆபத்தானது. காரணம் தமிழ் எழுத்துருக்கள்.

இருபது ஆண்டுக் கோப்புகள் பாமினியிலும் வானவில்லிலும் இன்னும் பல பழைய எழுத்துருக்களிலும் கிடக்கின்றன. தமிழக அரசு 2010-லேயே யூனிகோட், டேஸ் 16 என்ற எழுத்துக் குறியீட்டு முறைகளைத் தரமாக அறிவித்துவிட்டது என்றாலும், பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்த பழைய கோப்பு அதற்காகத் தானே மாறிவிடாது. அந்த எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்தவை. எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக்குறிகளும் கலந்த குப்பையாகத் தெரியும். பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு அரைப்புள்ளி விசையே இடம் கொடுத்திருப்பதால், மணமக்கள் பெயர் இருந்த வரி முழுவதும் அரைப்புள்ளிகளாகச் சிதறிக் கிடக்கும். வாடிக்கையாளர் பழைய பத்திரிகையைக் காட்டி இதே மாதிரி வேண்டும் என்று கேட்டு நிற்கும் நேரத்தில்தான் இது தெரிய வரும்.

எங்கள் மடிக்கணினியில் டிஸ்க் மாற்றியபோது, டி டிரைவில் உள்ள வேலைகளை நகலெடுத்தால் போதும் என்று வந்தவர் சொன்னார். நான் சம்மதிக்கவில்லை. எழுத்துருக்கள் சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் குடியிருப்பவை. பார்மட் செய்தால் அவை சத்தமில்லாமல் போய்விடும். 2018 இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொண்டது: நிர்வாகி உரிமை இல்லாமல் நிறுவும் எழுத்துரு, அந்தப் பயனரின் ஆப் டேட்டா ஃபோல்டருக்குள் தனியாக ஒரு ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் போய் அமர்கிறது. அந்த ஃபோல்டர் கண்ணுக்குத் தெரியாதபடி மறைக்கப்பட்டிருக்கும். இரண்டையும் தனித்தனியாக நகலெடுத்து வைத்தபிறகே குளோன் செய்ய விட்டேன். தமிழ்த் தட்டச்சுக்கு இ-கலப்பையோ என்.எச்.எம். ரைட்டரோ வைத்திருப்பவர்கள், அவற்றின் நிறுவல் கோப்பையும் கையோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

குளோன் செய்தபின் பழைய வேலைகள் அனைத்தும் ஓர் எழுத்துப் பிசகாமல் திறந்தன. விண்டோஸ் உரிமம் போய்விடுமோ என்று பயந்தோம். விண்டோஸ் 10-இன் டிஜிட்டல் உரிமம் முக்கியமாக மதர்போர்டை வைத்து அடையாளம் காணப்படுவதால் டிஸ்க் மாற்றம் அதைப் பாதிக்கவில்லை. வேறு சில பழைய மென்பொருள்கள் டிஸ்க்கின் அடையாள எண்ணைப் பார்ப்பவை. அவை மறுபடி பதிவெண் கேட்கும். அந்தக் காகிதங்களைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டு தொடங்குவது நல்லது. கோப்புகளை வைக்க இடமும் ஒரு கேள்வி. டி.வி.டி. டிரைவைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பழைய ஹார்ட் டிஸ்க்கை மாட்டும் சட்டம் கிடைக்கிறது என்கிறார்களே, யாராவது போட்டிருக்கிறீர்களா?

யாழ்ப்பாணத்திலிருந்து

எமக்கு வேகம் ஒரு பொருட்டாக இருக்கவில்லை, வன்தட்டு (ஹார்ட் டிஸ்க்) செத்துக்கொண்டிருந்தது. 2022-ஆம் ஆண்டு, ஒரு கட்டத்தில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்சாரம் நின்ற அந்தக் காலத்தில், புதிய மடிக்கணினி வாங்குவது எங்கள் குடும்பத்தால் நினைத்தும் பார்க்க முடியாத காரியம். அப்பாவின் பழைய கணினியில் புலம்பெயர்ந்த உறவுகள் அனுப்பிய படங்களும் குடும்பத்தின் பழைய ஒளிப்படங்களின் ஸ்கான் பிரதிகளும் இருந்தன. படிக்கும்போது டிக் டிக் என்று ஓர் ஒலி இடையிடையே கேட்கத் தொடங்கியது.

அந்த ஒலி கேட்ட பின்னர் செக்டிஸ்க் போன்ற திருத்தும் கட்டளைகளை ஓட்டக்கூடாது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அவை கெட்ட இடங்களையே திரும்பத் திரும்பத் துருவி, மிச்சமிருக்கும் உயிரையும் வாங்கிவிடும். நாங்கள் விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் என்ற இயங்குதளத்தை யு.எஸ்.பி.யிலிருந்து இயக்கி, டிடி ரெஸ்க்யூ என்ற கருவியால் புதிய வட்டுக்கு நகலெடுத்தோம். அது முதலில் நல்ல பகுதிகளை எல்லாம் விரைவாக அள்ளிக்கொண்டு, கெட்ட பகுதிகளைத் தாண்டிப் போய், கடைசியில் மட்டுமே அவற்றுக்குத் திரும்பி வரும். எந்தப் பகுதி முடிந்தது, எது மிச்சம் என்பதை ஒரு வரைபடக் கோப்பில் எழுதிக்கொண்டே போகும். கணினியின் பற்றரி முன்பே செயலிழந்திருந்ததால், மின்சாரம் நின்ற ஒவ்வொரு முறையும் வேலை அறுந்தது. ஆனால் அந்தக் கோப்பை வேறொரு பென் டிரைவில் வைத்திருந்தபடியால், மின்சாரம் வந்ததும் விட்ட இடத்திலிருந்தே தொடர முடிந்தது. படங்களில் மிகச் சிலவற்றைத் தவிர அனைத்தும் மீண்டன. புதிய வட்டு பழையதன் அளவுக்குச் சமமாகவோ அதைவிடப் பெரிதாகவோ இருப்பது இந்த முறைக்கு அவசியம்.

மீண்டும் பாளையங்கோட்டையிலிருந்து

சிவகாசி அண்ணாச்சியின் பதிவைப் படித்ததும் எங்கள் பள்ளியின் பழைய வினாத்தாள் கோப்புகள் நினைவுக்கு வந்தன. அந்தக் கணினியின் எழுத்துருக்களையும் உடனே நகலெடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். யாழ்ப்பாணத்து நண்பரின் பொறுமை பெரியது.

டி.வி.டி. இடத்தில் மாட்டும் சட்டத்தை இரண்டு கணினிகளில் போட்டிருக்கிறேன், நன்றாகவே உழைக்கிறது. அதில் 12.7 மில்லிமீட்டர், 9.5 மில்லிமீட்டர் என்று இரு தடிமன்கள் உண்டு என்பதால், டி.வி.டி. டிரைவைக் கழற்றி அளந்தபிறகே வாங்குங்கள். எஸ்.எஸ்.டி.யை எப்போதும் ஹார்ட் டிஸ்க்கின் பழைய இடத்திலேயே வைத்து, ஹார்ட் டிஸ்க்கை டி.வி.டி. பக்கம் அனுப்புங்கள், சில கணினிகளில் டி.வி.டி. பக்க இணைப்பு வேகம் குறைந்தது, சிலவற்றில் அங்கிருந்து பூட் ஆகவும் செய்யாது. டி.வி.டி. டிரைவின் முன்பக்க மூடியைப் பெயர்த்துச் சட்டத்தில் மாட்டிக்கொண்டால் ஓட்டை தெரியாது.

விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால், இந்த வயதுக் கணினிகளுக்கு அடுத்து என்ன என்று தனிச்செய்தியில் கேட்டிருந்தார்கள். விண்டோஸ் 11 கேட்கும் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் புதிய தலைமுறை பிராசஸரும் இவற்றில் இல்லை. அக்கா மகன் கணினியில் லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தேன், பாடக்குறிப்பு பி.டி.எஃப்., இணையவழி மாதிரித் தேர்வு, தமிழ்த் தட்டச்சு மூன்றும் குறையில்லாமல் நடக்கின்றன. பேஜ்மேக்கரை நம்பியிருக்கும் அண்ணாச்சிக்கு அது ஒத்துவராது. அவருக்கு அந்தக் கணினியை இணையத்திலிருந்து துண்டித்து வடிவமைப்புக்கு மட்டும் வைத்துக்கொள்வதும், முடிந்த வேலையைப் பென் டிரைவில் வேறு கணினிக்குக் கொண்டுபோய் அனுப்புவதும்தான் பொருத்தமான வழி என்று எனக்குத் தோன்றுகிறது.