அப்பாவின் புராஸ்டேட் பயாப்சி: ஸ்லைடு ரிவ்யூ பற்றி உதவி தேவை

மும்பை செம்பூரில் இருக்கிறோம். அப்பாவுக்கு வயது 68. புராஸ்டேட்டுக்கான ரத்தப் பரிசோதனையில் பி.எஸ்.ஏ. 7.9 வந்ததால் போன மாதம் பயாப்சி எடுத்தார்கள், 12 துண்டு. புற்றுநோய் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வலப்பக்கத் துண்டு ஒன்றில் மட்டும் சந்தேகமான சிறு சுரப்பிகள் கொஞ்சம் இருக்கின்றனவாம்.

புரத மார்க்கர் பரிசோதனையும் செய்தாயிற்று. ஏ.எம்.ஏ.சி.ஆர். பாசிட்டிவ். ஆனால் புற்றுக்கு முந்தைய மாற்றத்திலும் அது பாசிட்டிவ் வருமாம், அதை மட்டும் நம்பி முடிவு சொல்ல முடியாது என்றார் டாக்டர். சுரப்பியைச் சுற்றி அடிச்செல் வரிசை இருக்கிறதா என்பதுதான் முக்கியம். புற்றில் அது அழிந்துவிடும். அந்த வரிசையைக் காட்டும் பி63 மார்க்கர் இங்கே விட்டுவிட்டுத் தெரிகிறது. இன்னொரு மார்க்கர் போடலாம் என்று பிளாக்கை (மெழுகில் பதித்த திசுவை) ஆழமாக வெட்டினால், அந்த இடமே தீர்ந்துவிட்டது.

வேறொரு பேத்தாலஜிஸ்டிடமும் காட்டினோம், அதே பதில். எம்.ஆர்.ஐ.யும் தெளிவாக இல்லை. லேபில் மறு பயாப்சி என்கிறார்கள். முதல் தடவையே அப்பா காய்ச்சலில் துவண்டுபோனார், அதனால் முதலில் ஸ்லைடு ரிவ்யூ, அதாவது இதே ஸ்லைடுகளை பெரிய மருத்துவமனையில் மறுபடி பார்க்கச் சொல்வது, செய்துவிட நினைக்கிறோம். சாயமிட்ட ஸ்லைடுகள், பிளாக் எல்லாம் கையில் இருக்கின்றன.

பரேல் டாடா மெமோரியல் புற்றுநோய் மருத்துவமனையில் ஸ்லைடு ரிவ்யூவுக்கு அப்பாவையும் அழைத்துப் போக வேண்டுமா, நாங்கள் மட்டும் போய்க் கொடுத்தால் போதுமா?