பழைய கான்கிரீட் தரைக்கு என்ன செய்யலாம்?

பெங்களூரு நண்பர்களே, ஒரு யோசனை வேண்டும். அல்சூரில் எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில் பழைய கான்கிரீட் தரை. உறுதியாகத்தான் இருக்கிறது, பார்க்கத்தான் சகிக்கவில்லை. துவைக்கிற கல்லைச் சுற்றிக் கரும்பாசி, குழாயடியிலிருந்து வாசற்படி வரை விரிசல், அதில் புல் வேறு.

மேஸ்திரி டைல்ஸ் ஒட்டலாம் என்கிறார். மழையில் வழுக்குமே! எனக்கு சாதரஹள்ளி கல் (நம்ம ஊர்ப் பக்கத்து சாம்பல் நிற கிரானைட்) மேல்தான் ஆசை. ஆனால் கல்லும் கலவையும் சேர்ந்து தரை உயர்ந்துவிட்டால் வெளிப்பக்கம் திறக்கும் கதவு இடிக்கும், மழைத்தண்ணீரும் உள்ளே வரும். அதனால் பாசியைச் சுரண்டி, விரிசலை அடைத்து, மெல்லிய பாலிமர் சிமென்ட் பூச்சு கொடுக்கலாமா என்று பார்க்கிறேன்.

யாராவது செய்திருக்கிறீர்களா? ஒரு மழைக்காலம் தாண்டியும் உரியாமல் நிற்கிறதா? படம் இருந்தால் போடுங்கள். அப்புறம், இந்த வேலை தெரிந்த ஆள் பக்கத்தில் இருந்தாலும் சொல்லுங்கள்.