-80 ஃப்ரீசர் இறங்க மாட்டேங்குது, கோவை, பாலக்காடு பக்கம் இடம் வேணும்

பாலக்காட்டுல ஒரு மெடிக்கல் காலேஜ் ரிசர்ச் லேப்ல இருந்து எழுதுறேன். எங்க -80 ஃப்ரீசர் (சாம்பிள்களை -80 டிகிரி செல்சியஸ்ல வைக்கிறது) போன வாரத்துல இருந்து -58க்குக் கீழ இறங்கவே மாட்டேங்குது. ரெண்டு கம்ப்ரஸர் கேஸ்கேட் மாடல் (முதல் ஸ்டேஜ் ரெண்டாவது ஸ்டேஜோட கேஸைக் குளிர வைக்கும், ரெண்டாவது உள்பக்கத்தைக் குளிர வைக்கும்), வாங்கி ஒன்பது வருஷம் ஆச்சு. ராத்திரி கொஞ்சம் இறங்குது, மத்தியானம் வெயில் ஏறினா இதுவும் ஏறிடுது, அலாரம் கத்திட்டே இருக்கு.

கண்டென்ஸர் ஃபில்டரைக் கழுவியாச்சு, கதவு ரப்பர்ல கட்டியிருந்த ஐஸைச் சுரண்டி எடுத்துட்டு பேப்பர் வச்சு இழுத்துப் பாத்தோம் நல்லாவே பிடிக்குது, ஸ்டெபிலைசரும் மாத்தியாச்சு. சர்வீஸ்காரர் பாத்துட்டு ரெண்டாவது ஸ்டேஜ்ல கேஸ் கசியுது, பார்ட் வர மூணு வாரம் ஆகும்னுட்டார். இப்போ கோயமுத்தூர்ல இருந்து ட்ரை ஐஸ் (உறைஞ்ச கார்பன் டை ஆக்சைடு) வரவச்சு ஓட்டுறோம், ரொம்ப நாள் தாங்காது.

உள்ள இருக்குறது அட்டப்பாடியில அரிவாள் செல் சோகைங்கிற பரம்பரை ரத்த நோய் இருக்குற குடும்பங்க குடுத்த ரத்தத்துல இருந்து எடுத்த பிளாஸ்மாவும் ஆர்என்ஏவும் (செல்லுல இருக்குற மரபுச் செய்தி மூலக்கூறு). ஆர்என்ஏ உருகினா சிதைய ஆரம்பிச்சிடும், அப்புறம் அந்தச் சின்னப் பிள்ளைங்க கையில மறுபடி ஊசி குத்தணும், அதுக்கு எனக்கு மனசே வரல. மொத்தம் 12 பெட்டி, ஒவ்வொண்ணும் 81 குழாய் பிடிக்கிறது. எத்திக்ஸ் கமிட்டி அனுமதி கையில இருக்கு.

வாளையாறு தாண்டி கோவையிலயோ இந்தப் பக்கம் திருச்சூருக்குள்ளயோ, மூணு வாரத்துக்கு -80ல ஒரு தட்டு இடம் தர்ற ரிசர்ச் குரூப் யாருக்காவது தெரியுமா?