நிறுவல் வழிகாட்டி: ஒரே நீளப் பக்கமா, துண்டு துண்டாகவா?

தாழங்குடை:
கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் செய்கிறோம். ஆவணங்கள் எல்லாம் மீடியாவிக்கியில் (விக்கிப்பீடியா ஓடும் அதே மென்பொருள்). நிறுவல் வழிகாட்டி மட்டும் வளர்ந்து வளர்ந்து, அச்சிட்டால் 38 தாள் வருகிறது. லினக்ஸ், விண்டோஸ், தரவுத்தளம், பிரிண்டர், மேம்படுத்தல் என்று ஐந்து துணைப்பக்கங்களாக உடைக்கலாம் என்றேன். வாடிக்கையாளர் கடைக்குப் போய் வேலை பார்ப்பவர்கள் 'தொடாதே' என்கிறார்கள். நீங்கள் என்ன செய்வீர்கள்?

கடைசிபஸ்:
நானும் அந்த வேலைதான் பார்க்கிறேன், தொடாதீர்கள். ராத்திரி ஒன்பது மணி. ஷட்டர் பாதி இறக்கியாச்சு. முதலாளி பக்கத்தில் நின்று கடிகாரத்தைப் பார்க்கிறார். இணையம் என் போனிலிருந்து. ஒரே பக்கம் என்றால் மேலிருந்து கீழே செய்துகொண்டே போவேன். "தரவுத்தளத்துக்கு அங்கே பார்க்க" என்று போய், அங்கே "முதலில் இதைப் பார்க்க" என்று இன்னொன்று வந்தால், திரும்பும்போது எந்தப் படியில் நின்றேன் என்பதே மறந்துபோகும்.

இரட்டைச்சுழி:
அண்ணே, படிப்பவர் கஷ்டம் சரி. அதைத் திருத்துபவர் கஷ்டத்தையும் கேளுங்கள். எங்கள் நீளப் பக்கத்தில் தரவுத்தளத்தின் போர்ட் எண் (மற்ற நிரல்கள் அதை அணுகும் வாசல் எண்) மூன்று இடத்தில் இருந்தது. ஒரு உபுண்டு லினக்ஸ் சர்வரில் போஸ்ட்கிரஸ் தரவுத்தள மென்பொருளின் பழைய பதிப்பை எடுக்காமலே புதியதையும் போட்டோம். 5432 பழையதன் கையில் இருந்ததால் புதியது 5433-இல் போய் உட்கார்ந்தது. ஒருவர் பக்கத்தில் ஓர் இடத்தில் மட்டும் எண்ணைத் திருத்தினார். பேக்கப் படியில் பழைய எண்ணே இருந்தது. யாரும் தொடாத பழைய தரவுத்தளத்தையே இரண்டு வாரம் பேக்கப் எடுத்திருக்கிறோம். பிழைச் செய்தி கிடையாது, ஃபைல் தினமும் அழகாக வந்து விழுந்தது.

கடைசிபஸ்:
அது நீளத்தின் குற்றமா தம்பி? ஒரே எண்ணை மூன்று முறை கையால் எழுதியதன் குற்றம். ஒரு வார்ப்புருவில், அதாவது பல இடங்களில் அழைத்துப் போடக்கூடிய பொதுத் துண்டில், எண்ணை வைத்து மூன்று இடத்திலும் அதை அழைத்திருந்தால் ஒரு திருத்தத்தில் முடிந்திருக்கும். பக்கத்தை ஐந்தாக உடைத்தாலும் அந்த எண் ஐந்திலும் இருக்கத்தான் போகிறது.

இரட்டைச்சுழி:
வார்ப்புரு சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆர்ச் என்ற லினக்ஸ் வகையின் விக்கியைப் பாருங்கள். அங்கே தொடக்கநிலையாளர் வழிகாட்டி என்று நீளமான ஒன்று இருந்தது, கூடவே சுருக்கமான நிறுவல் வழிகாட்டியும். ஒரே விஷயத்தை இரண்டு இடத்தில் பராமரிக்க வேண்டியிருந்தது. 2016-இல் நீளமானதை எடுத்துவிட்டார்கள். இப்போது சுருக்கமானதுதான், விவரம் வேண்டுமென்றால் இணைப்பைச் சொடுக்கிப் போக வேண்டும்.

கடைசிபஸ்:
நீங்களே எனக்கு வாதாடுகிறீர்கள்! அந்தச் சுருக்கமான பக்கத்தைத் திறந்து பாருங்கள். விசைப்பலகையில் ஆரம்பித்து, வட்டைப் பிரித்து, அடிப்படைத் தொகுப்புகளைப் போட்டு, மறுதொடக்கம் வரை வரிசை உடையாமல் ஒரே பக்கத்தில் இருக்கிறது. வெளியே போனது விளக்கம் மட்டும்தான். போதாததற்கு, ஆர்ச் போடுபவர் படித்துக் கற்றுக்கொள்ளவே வருகிறார். மளிகைக்கடைக்காரர் அதற்கா வருகிறார்?

ஓரக்குறிப்பு:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எப்படி உடைத்தாலும் ஒன்றைக் கவனியுங்கள். மீடியாவிக்கியில் பக்கத்தை நகர்த்தினால் பழைய பெயரில், புதிய இடத்துக்கு அனுப்பிவைக்கும் வழிமாற்று நிற்கும். பக்கத்துக்குள் இருக்கும் தலைப்புகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. 'தரவுத்தளம் அமைத்தல்' என்ற தலைப்பை ஒருவர் தமிழ் நன்றாக இல்லையென்று 'தரவுத்தள அமைப்பு' ஆக்கினார். அதற்கு வந்த இணைப்புகள் எதுவும் சிவக்கவில்லை (பக்கமே இல்லையென்றால்தான் சிவக்கும்), சொடுக்கினால் பேசாமல் பக்கத்தின் உச்சியில் இறக்கிவிட்டன. பல மாதம் யாருக்கும் தெரியாது. 'இப்பக்கத்தை இணைத்தவை' பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றாகத் திறந்து சரிசெய்தோம்.

இன்னொன்று, வேர்டில் எழுதி ஒட்டாதீர்கள். நேரான மேற்கோள்குறி வளைந்துபோய் வரும், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, கட்டளை மட்டும் ஓடாது.

தாழங்குடை:
ஓரக்குறிப்பு சொன்னதைப் படித்துவிட்டு எங்கள் பக்கத்தின் மூலத்தைத் திறந்தேன். வெட்கமாக இருக்கிறது. 22 தலைப்புகளை, விக்கிக்குத் தலைப்பென்று காட்டும் சமக்குறி (==) போடாமல் வெறும் தடித்த எழுத்தில் எழுதியிருக்கிறோம். பொருளடக்கத்தில் ஆறே ஆறு வரி வந்தது இதனால்தான். பக்கம் பெரிதென்று இவ்வளவு நாள் திட்டியதில் பாதி இதற்கே போகும்.

இரட்டைச்சுழி:
அதைச் சரிசெய்தாலும் 38 தாள் 38 தாள்தான். மேம்படுத்தலை ஏன் புதிதாகப் போடுபவர் தாண்டிப் போக வேண்டும்?

தாழங்குடை:
சரி, இப்படிச் செய்கிறேன். முதல் நிறுவல் வரிசை ஒரே பக்கத்தில் இருக்கட்டும். விண்டோஸும் லினக்ஸும் ஒரே கடையில் வருவதில்லை, ஆகவே ஆளுக்கொரு பக்கம். போர்ட், பதிப்பு எண் இரண்டும் வார்ப்புருவில். மேம்படுத்தலும் பிரிண்டரும் தனிப்பக்கம்.

இரட்டைச்சுழி:
இது எனக்குச் சம்மதம்.

கடைசிபஸ்:
மேம்படுத்தலை எடுத்துக்கொள்ளுங்கள். பிரிண்டரை மட்டும் வரிசையிலிருந்து பிடுங்காதீர்கள். முதல் பில் அடித்துக் காட்டினால்தான் என்னைக் கடையிலிருந்து வெளியே விடுவார்கள்.