அழற்சி எதிர்ப்பியா, தணிப்பியா? (கொரிய மூலிகைச் சேர்மங்கள்: "anti-inflammatory" என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடும் உரையாடல்)

> ஹ்வாங்-கும் (ஸ்குட்டெல்லாரியா பைக்கலென்சிஸ்) வேரின் சேர்மங்களான பைக்கலின், பைக்கலீன், வோகோனின் மூன்றையும் "அழற்சித் தணிப்பி" எனலாமா?

வேண்டாம். தணிப்பது என்றால் மூண்டதைக் குறைப்பது. ஆய்வுகள் பலவற்றில் நடப்பது வேறு. எலியின் பெருவிழுங்கி எனும் நோயெதிர்ப்பு உயிரணுக்களில் (ரா 264.7 என்ற ஆய்வக வகை) முதலில் சேர்மத்தை விடுகிறார்கள். ஓரிரு மணி நேரம் கழித்தே அழற்சியைத் தூண்டும் பாக்டீரிய அகநச்சு (எல்பிஎஸ்), பெரும்பாலும் மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராம். மறுநாள் நிறம் தரும் கிரீஸ் (Griess) வினைப்பொருள் சேர்த்து, 540 நானோமீட்டர் ஒளியில் நைட்ரைட்டை அளப்பார்கள்; அழற்சியில் உருவாகும் நைட்ரிக் ஆக்சைடு வாயுவின் அடையாளம் அது. தீ மூளும் முன்பே தண்ணீர் தெளித்தாயிற்று. ஆகவே "அழற்சித் தடுப்பி".

> ஆகவே "அழற்சித் தடுப்பி"

ஐயா, "தடுப்பி" நொதிகளுக்குப் போய்விட்டது. படிப்பவர் ஏதோ ஒரு நொதியை நேரடியாக முடக்குகிறது என்றே எடுத்துக்கொள்வார். நொதியை நேரடியாக முடக்காமலே நைட்ரைட் குறைய மூன்று வழி உண்டு: நைட்ரிக் ஆக்சைடு ஆக்கும் நொதி குறைவாக உருவாகலாம், உருவான வாயுவைச் சேர்மமே பிடித்துக்கொள்ளலாம், அல்லது உயிரணுக்கள் செத்திருக்கலாம். கடைசியதை விலக்க எம்டிடி சோதனை செய்கிறோம் (உயிருள்ள உயிரணு எம்டிடி சாயத்தை ஊதாவாக்கும்). அதிலும் ஒரு கண்ணி. பைக்கலீன் போன்ற ஃபிளேவனாய்டுகள் தாமே எம்டிடியை ஒடுக்கி ஊதா நிறம் தரக்கூடும், செத்த உயிரணுவும் உயிரோடிருப்பதாகத் தெரியும். உயிரணு இல்லாத சோதனைக் குழியில் சேர்மத்தையும் எம்டிடியையும் மட்டும் இட்டுப் பார்க்க வேண்டும். எம்டிடி சேர்க்குமுன் பழைய வளர்ப்பூடகத்தை அகற்றிக் கழுவவும் வேண்டும். கரைப்பான் டிஎம்எஸ்ஓ 0.1 விழுக்காட்டைத் தாண்டாமல், கட்டுப்பாட்டுக் குழியிலும் அதே அளவு.

பொறிமுறையை முன்கூட்டித் தீர்ப்புச் சொல்லாத சொல் "எதிர்ப்பி". என் வாக்கு அதற்கே.

> என் வாக்கு அதற்கே

எனக்கும் சம்மதம். ஆனால் சொற்பதிவில் பைக்கலினையும் பைக்கலீனையும் ஒரே வரியில் போடாதீர்கள். வாய்வழி உண்ட பைக்கலினிலிருந்து குடல் பாக்டீரியா குளுக்குரோனிக் அமிலத்தைக் கழற்றிப் பைக்கலீன் ஆக்குகிறது. அது உள்ளே போனதும் குடற்சுவரும் கல்லீரலும் அந்த அமிலத்தை மறுபடி ஒட்டிவிடுகின்றன. ஆய்வகத் தட்டில் உயிரணுக்கள்மேல் நேரடியாக விட்ட பைக்கலீனின் செறிவை இரத்தத்தில் எதிர்பார்ப்பது தவறு.

"தங்குயி" என்று மூலிகைப் பெயரை மொட்டையாக எழுதுவதும் ஆகாது. கொரியாவில் அது அஞ்சலிகா ஜைகாஸ், டெகர்சின் என்ற சேர்மம் மிகுந்தது. சீனத்தில் அதே எழுத்துகளால் குறிப்பது அஞ்சலிகா சைனென்சிஸ். தாவரப் பெயர் கட்டாயம்.

> தாவரப் பெயர் கட்டாயம்

சேர்த்தாயிற்று. பொதுச்சொல் "அழற்சி எதிர்ப்பி". அகநச்சுக்கு முன் சேர்த்தால் "முன்சேர்ப்பு", பின்னால் என்றால் "பின்சேர்ப்பு" ("பின்னூட்டம்" வேண்டாம், அந்தச் சொல் feedback என்ற வேறு வேலை பார்க்கிறது). பின்சேர்ப்பிலும் குறைத்துக் காட்டிய சேர்மத்துக்கு மட்டும் "தணிப்பி".