கோழி எருக் குவியலில் கண் எரியும் நெடி, சூடும் ஏறவில்லை. எங்கே தப்பு?

முட்டைப்பண்ணை, ராசிபுரம்:
வணக்கம். 4,000 முட்டைக்கோழி, கூண்டு முறை. அடியில் விழும் எருவை ஒரு வியாபாரி அள்ளிப்போவார். மூன்று மாதமாக ஆளைக் காணோம். சரி, நாமே மட்கவைத்து மக்காச்சோளத்துக்குப் போடலாம் என்று குவித்தேன். ஈ வரக்கூடாதென்று அடுக்குக்கு அடுக்கு சுண்ணாம்புத் தூளும் அடுப்புச் சாம்பலும் தூவினேன். இருபது நாளாச்சு. கிட்டப் போனால் கண் எரிகிறது, புழு நெளிகிறது, உள்ளே களி மாதிரி கிடக்கிறது, சூடே இல்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர் சண்டைக்கே வந்துவிட்டார். பச்சையாகக் கொஞ்சம் கொட்டிப் பார்த்ததில் பயிர் கருகியது தனிக்கதை. ஏதாவது நுண்ணுயிர்க் கரைசல் வாங்கி ஊற்றவா?

மோகனூர் விவசாயி:
முதலில் சுண்ணாம்பையும் சாம்பலையும் நிறுத்துங்க. இரண்டும் காரம். எருவில் இருக்கும் தழைச்சத்தை (நைட்ரஜனை) அம்மோனியா வாயுவாக விரட்டிவிடும். யூரியாவோடு சுண்ணாம்பைக் கலக்காதே என்பார்களே, அதே விஷயம்தான். கண் எரிகிறதே, அது உங்கள் உரக்காசு காற்றில் போவது. நானும் ஒரு வருஷம் இதையே செய்தவன்.

நார்மில்_பொள்ளாச்சி:
அண்ணா சொன்னது சரி. ஆனால் சூடு ஏறாததற்குக் காரணம் வேறு: ஈரம் அதிகம், கரிமம் குறைவு. கோழி எருவில் ஒரு பங்கு தழைச்சத்துக்குப் பத்துப் பங்கு கரிமம்கூட வராது. நன்றாக மட்க 25 முதல் 30 பங்கு வேண்டும். தேங்காய் நார்க்கழிவில் அது நூறுக்கு மேல். ஒரு டன் ஈர எருவுக்கு அரை டன் காய்ந்த நார்க்கழிவு கலந்தால் விகிதமும் கிட்டத்தட்ட சரியாகும், ஈரமும் பாதியளவுக்கு இறங்கிவிடும். கைப்பிடி எடுத்துப் பிழியுங்கள்: விரலிடுக்கில் ஈரம் தெரியணும், சொட்டக்கூடாது. மூன்று நாலு அடி உயரத்துக்குக் குவித்து, மேலே நாலு விரல் கனத்துக்குக் காய்ந்த நார்க்கழிவைப் போர்த்துங்கள். கரைசலுக்குக் காசு செலவழிக்காதீர்கள், எருவிலேயே கிருமிகள் ஏராளம்.

மோகனூர் விவசாயி:
புழுவுக்கும் குவியலில் ஏறும் சூடே மருந்து. ஐம்பது டிகிரிக்கு மேல் புழு தாங்காது. ஆனால் சூடில்லாத ஓரத்துக்கு ஊர்ந்து வந்துவிடும். அதனால் வாரம் ஒருமுறை புரட்டும்போது ஓரத்து எருவை நடுவில் தள்ளுங்க. வெயில் காலத்தில் முட்டையிலிருந்து ஈயாக பத்து நாள்கூட வேண்டாம், புரட்டலைத் தள்ளிப்போடாதீங்க. அப்புறம், எரு களியாக இருக்கிறதென்றால் ஷெட்டில் கோழி தண்ணீர் குடிக்கும் நிப்பிள் ஒழுகுதா பாருங்க.

முட்டைப்பண்ணை, ராசிபுரம்:
பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். ஒரு வரிசையில் ஏழு நிப்பிள் ஒழுகியது, மாற்றிவிட்டேன். நார்க்கழிவு கலந்த நாலாம் நாளே நடுவில் செருகிய கம்பியைத் தொட முடியவில்லை. நெடி பெரும்பாலும் போச்சு, ஓரத்தில் மட்டும் புழு இருக்கிறது. தோட்டத்துக்காரர் தனக்கு ஒரு வண்டி கிடைக்குமா என்கிறார்! எப்போது வயலுக்குப் போடலாம்? செத்த கோழியையும் இதிலேயே போடலாமா?

நார்மில்_பொள்ளாச்சி:
புரட்டிய பிறகும் சூடு ஏறாமல், மண்வாசனை வரும்வரை பொறுங்கள், எப்படியும் இரண்டு மூன்று மாதம் ஆகும். செத்த கோழி இதில் வேண்டாம். வாரா வாரம் புரட்டுகிற குவியலில் நாய் தோண்டிப் போட்டுவிடும், நோயும் பரவும். கிணற்றுக்குத் தள்ளி ஆழமான தனிக்குழி. உங்கள் சுண்ணாம்பு மிச்சமிருந்தால் அங்கே தூவுங்கள்.