புதுப்பிப்பு: கல்லூரி ரோட்டராக்ட் சங்கத்துக்குத் துணை நின்ற கதை

எங்கள் ஊர்க் கல்லூரியில் தொடங்கும் ரோட்டராக்ட் சங்கத்துக்கு (ரோட்டரியின் இளைஞர் சேவை அமைப்பு) எங்கள் ரோட்டரி சங்கம் ஆதரவு தரலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். தந்துவிட்டோம். இருபத்திரண்டு மாணவர்கள் சேர்ந்திருக்கிறார்கள்.

பணம்தான் சிக்கல் என்று அஞ்சியிருந்தேன். இல்லை. கல்லூரி சார்ந்த சங்கங்களுக்கு 2022 ஜூலையில் வந்த ஆண்டுச் சந்தா தலைக்கு 5 டாலர்தான். முதல் ஆண்டுக்கு நாங்களே கட்டுகிறோம். வயது 18 நிறைந்தால் போதும். 30 என்ற மேல்வரம்பு 2020இல் நீங்கிவிட்டது.

கடினமாக இருந்தது வேறொன்று: மூத்தவர்களான நாங்கள் பேசாமல் கேட்பது. ரத்ததான முகாம் நடத்துங்கள் என்றோம். பிள்ளைகளோ, குடும்பத்திலேயே முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்தவர்களுக்கு உதவித்தொகை விண்ணப்பம் நிரப்பித் தர வேண்டும் என்றார்கள். வருமானச் சான்றிதழுக்காக இ-சேவை மையத்தில் கால்கடுக்க நின்றவர்கள் அவர்கள். எது தேவை என்று எங்களைவிட நன்றாக அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கேட்டபோது நெஞ்சு நிறைந்தது.

2020 முதல் ஆதரவுச் சங்கம் இல்லாமலேயே ரோட்டராக்ட் இயங்கலாம். அப்படியிருந்தும் அவர்கள் எங்களை அழைத்திருக்கிறார்கள். அதிகாரம் செய்யக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

வரும் சனிக்கிழமை முதல் விண்ணப்ப உதவி மேசை. நான்கு மடிக்கணினிகள் தயார். அச்சுப்பொறி ஒன்று இன்னும் தேவை.